கிழங்குக் கிடங்கில் நடந்த வகுப்பு

விண்ணப்பம் போடுகிற வழக்கம் ஜெரால்டா மிஷோவின் பிறந்த வீட்டிலும் கிடையாது, புகுந்த வீட்டிலும் கிடையாது. அவளுடைய அப்பா காகித ஆலையில் வேலைக்குச் சேர்ந்தது, ஏற்கெனவே அங்கே இருந்த தன் அண்ணன் பின்னால் ஒருநாள் காலையில் நடந்து போய். மாமனாருக்கு உருளைக்கிழங்கு நிலம் வந்தது, பக்கத்து நிலத்துக்காரர் படுக்கையில் விழுந்தபோது ஆளனுப்பிக் கூப்பிட்டதால். ஜெரால்டாவுக்குக் கல்லூரி வேலை கிடைத்ததும் அப்படித்தான். கணக்கு ஆசிரியர் ஒருவர் பனியில் வழுக்கி விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டார். ஒரு மாதம் மட்டும் வந்து பார்த்துக்கொள் என்று இவளைக் கூப்பிட்டார்கள். அந்த மனிதர் இடுப்பு சரியானதும் ஃப்ளோரிடாவுக்குப் போய் வெயில் காய ஆரம்பித்தார், திரும்பி வரவே இல்லை. இவள் இருபத்தைந்து வருடத்துக்கு மேல் அங்கேயே இருந்துவிட்டாள்.

கேட்காமல் வருவதுதான் மரியாதை என்று நினைக்கிற ஊர் எங்களுடையது. மெய்ன் மாநிலத்தின் வடக்கு ஓரம். ஆற்றைத் தாண்டினால் கனடா. வீட்டில் பிரெஞ்சு, வேலையில் ஆங்கிலம், கோபம் வந்தால் இரண்டும். இப்படிப்பட்ட ஊரில் இருந்துகொண்டு, ஐம்பத்தைந்து வயதில், இன்னும் நன்றாகப் பாடம் நடத்தக் கற்றுக்கொள்ள எனக்கு ஓர் இடம் கொடுங்கள் என்று முகம் தெரியாத ஆட்களுக்கு எழுதவேண்டி வந்தால் எரிச்சல் வராமல் என்ன செய்யும்.

எழுத வைத்தவர் எங்கள் கல்லூரி டீன் ஹோல்கம். ஜெரால்டா நடத்தியது அடிப்படைக் கணக்கு: பின்னம், சதவீதம், விகிதம். நர்ஸ் ஆக வருகிறவர்களும் எலக்ட்ரீஷியன் ஆக வருகிறவர்களும் நுழைவுத் தேர்வில் தடுமாறினால் முதலில் இந்த வகுப்பில் தேற வேண்டும், அப்புறம்தான் மற்றதெல்லாம். வருடா வருடம் பாதிப் பேர் இந்த வாசலிலேயே நின்று திரும்பிப் போனார்கள். பாஸ்டன் பக்கத்திலிருந்து வந்த ஹோல்கமுக்கு அந்தப் பாதி உறுத்திக்கொண்டே இருந்தது. ஆள் கெட்டவர் இல்லை. எதையாவது செய்தாக வேண்டும் என்று பரபரக்கிறவர், அவ்வளவுதான். அடுத்த வருடத்திலிருந்து அந்த வகுப்பைக் கம்ப்யூட்டரிடம் கொடுத்துவிடுவது என்று முடிவு செய்தார். மாணவர்கள் ஆளுக்கொரு திரைக்கு முன்னால் உட்கார்ந்து பட்டனை அழுத்துவார்கள். திரை நின்றுபோனால் ஜெரால்டா வந்து பார்ப்பாள்.

ஒரே ஒரு வழி இருந்தது. தெற்கே ஒரு பல்கலைக்கழகம் கோடைதோறும் கல்லூரி ஆசிரியர்களுக்கு ஒரு பயிற்சி நடத்தியது. அதில் இடம் கிடைத்தவர் தன் வகுப்பை இரண்டு வருடம் தன் யோசனைப்படி மாற்றி நடத்திப் பார்க்கலாம். கல்லூரி குறுக்கே வரக்கூடாது. மாநிலம் முழுக்கப் போட்டி. எங்கள் கல்லூரியிலிருந்து அதுவரை ஒருவர்கூடப் போனதில்லை. அந்த இடத்தை வாங்கிவிட்டால் கம்ப்யூட்டர் பேச்சையே எடுக்க மாட்டேன் என்று ஹோல்கம் வாக்குக் கொடுத்தார். எப்படியும் கிடைக்காது என்ற தைரியத்தில்தான் மனிதர் இவ்வளவு தாராளமாகப் பேசுகிறார் என்று ஜெரால்டா நினைத்தாள். அவள் நினைத்தது பாதி சரி.

அந்த வகுப்பை அவளால் விட முடியாததற்குக் காரணம் ஒரு சாக்பீஸ். முதல் வகுப்பில் சேர்ந்தபோது அவளுக்கு ஆங்கிலம் தெரியாது. பள்ளிக்கூடத்தில் பிரெஞ்சு பேசினால் தண்டனை கிடைத்த காலம் அது. ஏழும் ஐந்தும் எவ்வளவு என்று கேட்டு டீச்சர் அவளைப் பலகைக்கு முன்னால் நிறுத்தினார். விடை தெரியும், அதற்கு ஆங்கிலத்தில் என்ன சொல்வது என்றுதான் தெரியாது. எழுதிக் காட்டலாம் என்று சாக்பீஸுக்குக் கையை நீட்டினாள். டீச்சர் சாக்பீஸை நகர்த்தி வைத்துவிட்டு வாயால் சொல் என்றார். எல்லாரும் பார்க்க அன்றைக்கு நின்ற நிற்பை அவள் மறக்கவில்லை. யாராவது வந்து இந்தக் கணக்கை என்னிடமிருந்து வாங்கிக்கொள்ள மாட்டார்களா என்று அந்தக் குழந்தை தவித்த தவிப்பும் மறக்கவில்லை.

தான் ஆசிரியையானபோது, தன் வகுப்பில் யாரையும் அப்படி நிற்க விடுவதில்லை என்று வைத்துக்கொண்டாள். யாராவது தாளைப் பார்த்து விழித்தால் அடுத்த நொடி பக்கத்தில் இருப்பாள். குனிந்து, அவர்கள் கையிலிருந்து பென்சிலை வாங்கி, நாலு கோடு போட்டுக் காட்டுவாள். "அட, இவ்ளோதானா மேடம்" என்பார்கள். அதைக் கேட்பதற்காகவே அவள் பனிப்புயலிலும் வண்டியை எடுத்துக்கொண்டு கல்லூரிக்குப் போனாள்.

விண்ணப்பத்தில், உங்கள் கற்பித்தல் முறை பற்றி எழுதுக என்று ஒரு பகுதி. ஜெரால்டா மூன்று பக்கம் எழுதினாள். பயிற்சி நடத்துகிறவர்களின் இணையதளத்திலிருந்து கனமான சொற்களாகப் பொறுக்கியெடுத்து வரிக்கு வரி தூவினாள். அதைச் சாப்பாட்டு மேசையில் வைத்துப் புருஷனுக்குப் படித்துக் காட்டினாள். ரொஸேர் உருளைக்கிழங்கு விவசாயி, அளந்துதான் பேசுவான். எங்கள் பக்கத்து மெல்லிய தோசையான ப்ளாய் தட்டில் ஒன்று மிச்சமிருந்தது, அதைச் சுருட்டி வாயில் போட்டு மென்று முடித்தான்.

"நல்லாத்தான் இருக்கு. யாரப் பத்தி எழுதியிருக்க?" என்றான்.

அவள் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அடுத்த தொல்லை இதைவிடப் பெரியது. பல்கலைக்கழகத்திலிருந்து ஒருவர் வந்து வகுப்பில் உட்கார்ந்து பார்ப்பாராம். பிறகு ஆசிரியரை வெளியே நிற்க வைத்துவிட்டு, மாணவர்களிடம் இரண்டு கேள்வி கேட்பாராம்: நீங்கள் கற்றுக்கொள்ள எது உதவுகிறது, எது தடுக்கிறது. ஒருவர் வகுப்புக்குள் இன்னொருவர் தலையை நீட்டுவது எங்கள் கல்லூரியில் நடக்காத காரியம். ஒரே மேசையில் வருடக்கணக்காகக் காப்பி குடிக்கிறவர்கள், ஒருவர் பேரப்பிள்ளையின் பல் வலிவரை மற்றவருக்குத் தெரியும். அவர் எப்படிப் பாடம் நடத்துகிறார் என்பது மட்டும் தெரியாது. மாணவர்கள் எழுதித் தருகிற ஆண்டுக் கருத்துகளில் எல்லாம் "மேடம் தங்கமானவர்" என்றிருக்கும். அதற்கு மேல் இவளும் கேட்டதில்லை.

வேறு வழியில்லாமல் ஒரு தேதி கொடுத்தாள். கிழங்கு எடுக்கும் காலத்தில் எங்கள் பக்கம் பள்ளிக்கூடங்களை மூடிவிடுவார்கள், எங்கள் கல்லூரியும் மூடும். மாணவர்களில் பாதி, ஆசிரியர்களில் கால்வாசி, எல்லாரும் வயலில்தான் இருப்பார்கள். கல்லூரி திறக்கிற வாரத்தில் ஒரு புதன்கிழமையை ஜெரால்டா கணக்காகப் பார்த்துக் கொடுத்திருந்தாள். ஆனால் அந்த வருடம் மழை விட்டுவிட்டுப் பெய்து வேலை இழுத்துக்கொண்டே போனது. விடுமுறையை இன்னொரு வாரம் நீட்டிவிட்டார்கள். உள்ளூர் வானொலியில் காலைச் செய்தியோடு அறிவித்தார்கள். வானொலியில் சொன்னால் உலகத்துக்கே சொன்ன மாதிரி என்பது எங்கள் ஊர் நினைப்பு. தெற்கே ஒரு பெண்மணி அதைக் கேட்டிருக்க மாட்டார் என்று டீனுக்கும் தோன்றவில்லை, ஜெரால்டாவுக்கும் தோன்றவில்லை.

பிரிசில்லா ஹான்ஸ்கம் என்ற அந்தப் பெண்மணி விடியும் முன்பே கிளம்பி வண்டியோட்டி வந்து, பூட்டிய கல்லூரிக்கு முன்னால் நின்றார். பெட்ரோல் நிலையத்தில் விசாரித்தார். மேடமைப் பார்க்க வேண்டுமானால் ரொஸேர் மிஷோவின் வயலுக்குப் போங்கள் என்று கைகாட்டினார்கள்.

அப்போதுதான் மழை பிடித்து, கிழங்கு தோண்டும் இயந்திரம் நின்றிருந்தது. வேலையாட்கள் கிழங்குக் கிடங்கில் ஒதுங்கிக் காப்பி குடித்துக்கொண்டிருந்தார்கள். கிடங்கு என்றால் மேட்டைக் குடைந்து பாதி மண்ணுக்குள் கட்டியது. உள்ளே குளிரும் ஏறாது, வெயிலும் ஏறாது. மெல்லிய செருப்போடு சேற்றில் இறங்கி வந்த பிரிசில்லா, வாசலில் பூட்ஸிலிருந்து மண்ணைச் சுரண்டிக்கொண்டிருந்த ஒரு பெண்ணிடம், புரொபசர் மிஷோவை எங்கே பார்க்கலாம் என்று கேட்டார். முகமெல்லாம் சேறாக நிமிர்ந்தாள் ஜெரால்டா.

"நான்தாங்க அது. கழுவினா தெரியும்" என்றாள்.

விஷயம் புரிந்ததும் அவளுக்குச் சேற்றையும் மீறி முகம் வெளுத்தது. பிரிசில்லா கோபப்படவில்லை, ஆனால் உள்ளதைச் சொன்னார். மறுநாளிலிருந்து மற்ற கல்லூரிகளுக்குப் போக வேண்டும், மாதக் கடைசியில் விண்ணப்பம் மூடுகிறது, இன்னொரு முறை வடக்கே வர நாளில்லை. வகுப்பைப் பார்க்க முடியவில்லை என்று எழுதினால் அதோடு அந்த விண்ணப்பம் கீழே போய்விடும். ஜெரால்டா கையைப் பிசைந்துகொண்டு நின்றாள். தன் வகுப்பு, ஒரு வானொலி அறிவிப்பால் திரைகளுக்குப் போகப்போகிறது.

ரொஸேர் நேராக லாரிக்குப் போனான். வயல் லாரிகளில் ஒருவரோடொருவர் பேச ரேடியோ உண்டு. பள்ளத்தாக்கில் கிழங்கு ஏற்றுகிற அத்தனை வண்டியிலும் ஒரே அலைவரிசை. மைக்கை எடுத்தான். கல்யாணத்தன்றுகூட அவன் அவ்வளவு நீளமாகப் பேசியதில்லை.

"ரொஸேர் பேசுறேன். அடிப்படைக் கணக்குப் படிக்கிற பிள்ளைங்க யாரு எந்த வயல்ல இருந்தாலும் என் கிடங்குக்கு வாங்க. மழைல எப்படியும் சும்மாதான இருப்பீங்க. மேடம் இப்ப வகுப்பு எடுக்கப் போறாங்க. பென்சில் இருந்தா கொண்டு வாங்க."

கொஞ்ச நேரத்தில் வண்டிகள் வர ஆரம்பித்தன. ஒன்றன்பின் ஒன்றாக, முன்விளக்கைப் போட்டுக்கொண்டு, மழையில் மேடேறி வந்தன. நர்ஸ் ஆகப்போகிற டானிக்கா மூன்று பேரை ஏற்றிக்கொண்டு வந்தாள். ரெனால்ட் டேகல் ஏற்கெனவே அங்கேதான் இருந்தான். ரொஸேரின் ஆட்களில் அவனும் ஒருவன். நாற்பத்துநாலு வயது. ஆலை மூடிய பிறகு எலக்ட்ரீஷியன் ஆகிறேன் என்று கிளம்பி, இந்தக் கணக்கில் இரண்டு முறை தோற்றவன். ஜெரால்டாவின் தம்பியோடு படித்ததால் அவனுக்கு மட்டும் அவள் மேடம் இல்லை, ஜெரால்டாதான். வகுப்பில் ஏறக்குறைய எல்லாரும் வந்து சேர்ந்தார்கள். வகுப்பில் இல்லாத இரண்டு விவசாயிகளும் வேடிக்கை பார்க்க வந்தார்கள். ஜெரால்டாவுக்குக் கண் கலங்கியது. அதை மழைமேல் போட்டுச் சமாளித்தாள்.

பலகை கிடையாது. மரப்பீப்பாய்களைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்தார்கள். காகிதச் சாக்குகளைக் கிழித்து ஆளுக்கொரு துண்டு கொடுத்தாள். கணக்குக்கு எங்கே போவது என்று யோசிக்க வேண்டியிருக்கவில்லை. வாசலில் மூடப்படாமல் நனைந்துகொண்டிருந்த லாரியைக் காட்டினாள். அந்தச் சுமையில் மண் எத்தனை பங்கு, கல் எத்தனை பங்கு, இரண்டும் போனால் விலை போகிற கிழங்கு எத்தனை சதவீதம். எல்லாருக்கும் தெரிந்த விஷயம், அதனால் எல்லாரும் வாய் திறந்தார்கள். ஜெரால்டாவுக்கு உற்சாகம் பிறந்துவிட்டது. பீப்பாய்க்குப் பீப்பாய் போனாள். விழித்தவர்களிடம் குனிந்தாள், பென்சிலை வாங்கினாள், நாலு கோடு போட்டாள். "அட, இவ்ளோதானா மேடம்" என்று கிடங்கு முழுக்கக் கேட்டது. பிரிசில்லா ஒரு மூலையில் முழங்கால்மேல் தாளை வைத்து எழுதிக்கொண்டே இருந்தார். தான் இவ்வளவு நன்றாக என்றைக்கும் பாடம் நடத்தியதில்லை என்று ஜெரால்டா நினைத்தாள்.

பிறகு அவளை வெளியே அனுப்பினார்கள். தன் வீட்டுக் கிடங்குக்கு வெளியே, தாழ்வாரத்தின் ஓரத்தில், மழைச்சாரலில் நின்றாள். பெரிய மரக்கதவு. உள்ளே பேசுவது எதுவும் கேட்கவில்லை. திடீரென்று எல்லாரும் சேர்ந்து சிரிக்கிற சத்தம் மட்டும் கேட்டது. அந்தச் சிரிப்பு எதைப் பற்றி என்று தெரியாமல் அவள் அங்கே நின்ற நேரம் முதல் வகுப்பில் நின்ற நேரத்துக்குக் கொஞ்சமும் குறைவில்லை.

முடிந்ததும் வீட்டுக்கு அழைத்துப் போய், பிரிசில்லாவின் செருப்பை அடுப்புக்குப் பக்கத்தில் காயவைத்து, கோழி ஸ்டூவும் ப்ளாயும் போட்டாள். மாணவர்கள் சொன்னதை அன்றைக்கே ஆசிரியரிடம் சொல்லிவிட வேண்டும் என்பது அவர்களுடைய முறையாம். பிரிசில்லா நல்லதிலிருந்து ஆரம்பித்தார். இந்த வகுப்பில் தெரியாது என்று சொல்ல வெட்கமாக இல்லை என்றார்களாம். வராதவர்களை மேடம் வீட்டுக்கே வந்து கேட்பார் என்றார்களாம். ஜெரால்டா இன்னொரு கரண்டி ஸ்டூ ஊற்றினாள்.

"தடுக்கிறது எதுன்னு கேட்டதுக்கு ஒண்ணே ஒண்ணுதான் சொன்னாங்க. நீங்க அவங்க பென்சில வாங்கிடுறீங்களாம்" என்றார் பிரிசில்லா.

ஜெரால்டாவுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் கரண்டி பாத்திரத்திலேயே நின்றது.

"ரெனால்ட் தான சொன்னான்? அவன் வாய் எனக்குத் தெரியும்."

"பேரு சொல்லக் கூடாதுங்க. ஆனா நீங்க ஒருத்தர் மேல கோவப்பட வேண்டாம். ஒருத்தர் சொன்னதும் எல்லாரும் சிரிச்சாங்க. எத்தன பேருக்கு அப்படி நடந்திருக்குன்னு கேட்டேன். எல்லாரும் கையத் தூக்கிட்டாங்க."

அதற்குமேல் ஜெரால்டா மரியாதைக்கு மட்டும் பேசினாள். பிரிசில்லாவை வழியனுப்பிவிட்டு வந்து பாத்திரங்களைப் படாரென்று தேய்த்தாள். இருபத்தைந்து வருடம் குனிந்து குனிந்து முதுகு போனதுதான் மிச்சம் என்று ரொஸேரிடம் பொரிந்து தள்ளினாள். தவிக்கிறவர்களைப் பார்த்துக்கொண்டு சும்மா நிற்க வேண்டுமா, அதற்குத்தான் கம்ப்யூட்டர் இருக்கிறதே, போகட்டும் என்றாள். ரொஸேர் துண்டை எடுத்துப் பாத்திரம் துடைத்தான். அவன் மறுத்துப் பேசாதது அவளுக்கு இன்னும் கோபத்தைக் கிளப்பியது.

இரண்டு நாள் கழித்து மழை விட்டது. தோண்டும் இயந்திரத்தின்மேல் பெல்ட்டுக்கு இரண்டு பக்கமும் ஆட்கள் நின்று, கிழங்கோடு வருகிற கல்லையும் மண்கட்டியையும் பொறுக்கி வெளியே போட வேண்டும். ரெனால்ட் அவளுக்குப் பக்கத்து இடம். அவள் அவனோடு பேசவில்லை. முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டு வேகவேகமாகப் பொறுக்கினாள். கொஞ்ச நேரம் பொறுத்த ரெனால்ட், அவள் மணிக்கட்டைப் பிடித்து மெதுவாக அவள் பக்கமே திருப்பி வைத்தான்.

"உன் பக்கத்துக் கல்ல நீ பாரு ஜெரால்டா. என் கல்லுக்கு எனக்குக் கை இருக்கு."

அவள் குனிந்து பார்த்தாள். தன் பக்கம் கற்கள் அப்படியே போய்க்கொண்டிருந்தன. கை தானாக அவன் பக்கம் போயிருந்தது; அவளுக்கே தெரியவில்லை. இயந்திரச் சத்தத்தில் கத்தித்தான் கேட்க வேண்டியிருந்தது. பென்சில் வாங்கினால் என்னடா தப்பு, அப்போது புரியவில்லையா உனக்கு என்று கேட்டாள்.

"புரியுதே. நீ போட்டுக் காட்டும்போது எல்லாம் புரியுது. அதான் தொல்ல. புரிஞ்சிடுச்சுன்னு வீட்டுக்குப் போயிடுறேன். பரிட்சைக்கு உன் கைய எடுத்துக்கிட்டுப் போக முடியாதுல்ல" என்றான் ரெனால்ட். பிறகு ஒரு பெரிய கல்லைத் தூக்கி வெளியே எறிந்துவிட்டு, "ரெண்டு தடவ போயிப் பாத்துட்டேன்" என்றான்.

பெல்ட் ஓடிக்கொண்டே இருந்தது. வாசலில் நின்று திரும்பிப்போன அந்தப் பாதிப் பேரை, ஒவ்வொரு வருடத்தின் பாதிப் பேரையும், ஜெரால்டா அன்றைக்கு நினைத்துப் பார்த்தாள். சாக்பீஸை நகர்த்தி வைத்த டீச்சர்மேல் ஆயுள் முழுக்கக் கோபமாக இருந்தவள் அவள். பென்சிலை வாங்கிக்கொண்டவளும் அவளே. அவள் செய்தது அன்பினால்தான். ஆனால் இரண்டு இடத்திலும் கற்றுக்கொள்ள வந்தவர் கை காலியாகத்தான் இருந்தது. அதை ஒப்புக்கொள்ள அவளுக்கு வலித்தது, நன்றாகவே வலித்தது.

சாயங்காலம் அந்த மூன்று பக்கத்தையும் அடுப்பில் போட்டாள். புதிதாக அரைப் பக்கம் எழுதினாள். அதில் கனமான சொல் ஒன்றுகூட இல்லை. ஏழும் ஐந்தும் பற்றி எழுதினாள். யாரும் தவித்து நிற்கக்கூடாது என்று நான் அவர்கள் பென்சிலை வாங்கிவிடுகிறேன், என் மாணவர்கள் அத்தனை பேரும் அதைச் சொல்லிவிட்டார்கள், அவர்கள் சொல்வது சரி, அந்த நேரத்தில் என் கைகளை என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை, அதைக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று முடித்தாள். ரொஸேரிடம் படித்துக் காட்டினாள்.

"இது யாருன்னு எனக்குத் தெரியும்" என்றான்.

டீன் ஹோல்கமுக்குத் தெரியவில்லை. கையெழுத்துப் போடக் கொண்டுபோனபோது இரண்டு முறை படித்துவிட்டு, போட்டியில் யாராவது தன் குறையைத் தானே எழுதிக் கொடுப்பார்களா, முன்னால் மூன்று பக்கம் எழுதியிருந்தீர்களே அது எங்கே என்றார். அடுப்பிலே இருக்கிறது என்றாள். மற்ற கல்லூரிக்காரர்கள் பரிசு, பாராட்டு என்று அடுக்கியிருப்பார்கள், நம் கல்லூரிப் பெயர் போகும் என்று கெஞ்சாத குறையாகச் சொல்லிப் பார்த்தார். என் பெயர்தான் அதில் இருக்கிறது, கையெழுத்து மட்டும் போடுங்கள் என்றாள். பெருமூச்சு விட்டுக்கொண்டே போட்டார்.

கல்லூரி திறந்தது. ஜெரால்டா பெரிய பாக்கெட் வைத்த ஸ்வெட்டர் ஒன்றைப் போட்டுக்கொண்டு வந்தாள். யாராவது விழித்தால் பக்கத்தில் போய், கை இரண்டையும் பாக்கெட்டில் விட்டுக்கொண்டு நின்றாள். சுலபமாக இல்லை. கை பாம்பு மாதிரி வெளியே வரும். வந்தால் வகுப்பில் யாராவது இருமுவார்கள். உடனே உள்ளே போய்விடும். ஒரு வாரத்தில் அந்த வகுப்புக்கே சளி பிடித்தது போலிருந்தது. "இவ்ளோதானா மேடம்" குறைந்துபோனது. அதற்குப் பதிலாக முனகலும், அழிப்பதும், பக்கத்தில் இருப்பவனோடு சண்டையும் வந்தன. சில நாள் வீட்டுக்கு வந்து, நான் ஒன்றுமே செய்யவில்லை, எனக்கு ஏன் சம்பளம் தருகிறார்கள் என்று புலம்பினாள். ஸ்வெட்டர் பாக்கெட் இரண்டும் தொய்ந்து தொங்கின.

டிசம்பர் ஆரம்பத்தில், கடைசித் தேர்வுக்குக் கொஞ்ச நாள் முன்பு, நல்ல பனி. விகிதக் கணக்கு ஒன்றைப் பலகையில் எழுதிவிட்டு ரெனால்டைக் கூப்பிட்டாள். சாக்பீஸை எடுத்தவன் பாதியில் நின்றான். அவளைப் பார்த்தான். அவள் ஜன்னலைப் பார்த்தாள். அவன் மறுபடியும் அவளைப் பார்த்தான்.

"நீ இங்க நின்னா உன் மூஞ்சிலதான் விடையத் தேடுறேன், பலகையப் பாக்க மாட்டேங்கிறேன். அன்னைக்கு மழைல நின்ன மாதிரி கொஞ்ச நேரம் வெளிய நில்லேன்" என்றான்.

வகுப்பு சிரித்தது. இந்த முறை எதைப் பற்றிச் சிரிக்கிறார்கள் என்று அவளுக்குத் தெரிந்தது. வெளியே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

நடைக்கோடியிலிருந்து டீன் ஹோல்கம் வேகமாக வந்தார். அவளைப் பார்த்ததும் நடை தயங்கியது.

"கிளாஸ் நேரத்துல ஏன் வெளிய நிக்கிறீங்க ஜெரால்டா?"

"உள்ள கிளாஸ் நடக்குது" என்றாள்.

ஹோல்கம் கதவுக் கண்ணாடி வழியாகப் பார்த்தார். பலகைக்கு முன்னால் ரெனால்டோடு இன்னும் நாலைந்து பேர் நின்றார்கள். டானிக்கா தலையை ஆட்டிக்கொண்டு ஏதோ ஒரு எண்ணை விரலால் அழித்தாள். பின்வரிசையிலிருந்து ஒருவன் எழுந்து நின்று கத்தினான். யாரும் கதவுப் பக்கம் திரும்பவில்லை. வந்த விஷயத்தை மறந்து ஹோல்கம் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு நினைவு வந்து, குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"இப்பதான் போன் பண்ணாங்க. உங்கள எடுத்துட்டாங்க. அந்த அரைப் பக்கத்தப் பாத்துதான் எடுத்தோம்னாங்க." மறுபடியும் கண்ணாடி வழியாகப் பார்த்துவிட்டு, "நான் சொன்னதக் கேக்காம விட்டீங்க, நல்லதாப் போச்சு" என்றார். மனிதர் கெட்டவர் இல்லை என்று முதலிலேயே சொன்னேன்.

ஜெரால்டாவின் கை பாக்கெட்டிலிருந்து பாய்ந்து கதவுப்பிடிக்குப் போனது. உள்ளே போய்ச் சொல்ல வேண்டும், வகுப்பு நம்முடையது, யாரும் அதைத் தொட முடியாது என்று கத்த வேண்டும். பிடியில் விரல் பட்டது. உள்ளே ரெனால்ட் எதையோ எழுதிக்கொண்டிருந்தான். கையை எடுத்து மறுபடியும் பாக்கெட்டில் போட்டுக்கொண்டாள்.

"போய் சொல்லலையா?" என்றார் ஹோல்கம்.

"கூப்பிடட்டும்."

இரண்டு பேரும் சுவரோரம் நின்றார்கள். கொஞ்ச நேரம் கழித்துக் கதவு திறந்தது. நெற்றியில் சாக்பீஸ் தூளோடு ரெனால்ட் தலையை நீட்டினான். டீனை மேலும் கீழும் பார்த்தான்.

"உங்களையும் வெளிய அனுப்பிட்டாங்களா?" என்று கேட்டுவிட்டு, "வா ஜெரால்டா, வந்திருச்சு" என்றான்.

பலகை முழுக்க எண்கள். அடித்தும் திருத்தியும் கோணல்மாணலாக, கடைசியில் ஒரு வட்டத்துக்குள் விடை. அதில் ஒரு எண்கூட அவள் கையெழுத்து இல்லை. பயிற்சியில் இடம் கிடைத்ததை ஜெரால்டா மிஷோ அப்போது சொல்லவில்லை. நேராகக் கடைசி வரிசைக்குப் போய், மாணவர்களுக்கு நடுவில் காலியாக இருந்த நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"எப்படிப் போட்டீங்கன்னு எனக்குச் சொல்லுங்க" என்றாள்.